மூன்றாவது வரியில் போட்ட சுழி

அவள் பெயரை எழுதப்போவதில்லை. தேவையும் இல்லை. அட்டுவம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ‘மெடிக்கல் அக்கா’ என்று கேட்டால் போதும். அவள் ஊரைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆன பிறகும் அந்தப் பச்சைக் கதவு மருந்துக் கடையைக் கை காட்டி, அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையும் சொல்லி அனுப்புவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அந்தக் கடையை ஒட்டிய தகர மறைப்பில்தான் ஏழு வருடம் என் தையல் மிஷின் கிடந்தது. அப்போதெல்லாம் ‘அவங்க’ என்றுதான் வாயில் வரும். இப்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. யாருக்காவது மனம் நொந்தால் நொந்துகொள்ளட்டும்.

அக்காவின் கழுத்தில் தாலிக்கயிற்றோடு இன்னொரு கயிறும் தொங்கும். கறுப்புக் கயிறு, அதன் முனையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். மாத்திரை அட்டை வெட்டுவதற்கு. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டாலும், அதற்கு மேல் சால்வை போர்த்தினாலும், கத்தரிக்கோல் மட்டும் வெளியேதான் கிடக்கும். என் துணிக் கத்தரிக்குச் சாணை பிடிக்க ஆள் வரும்போது அதையும் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பேன். மற்ற கடைகளில் பத்து மாத்திரை உள்ள அட்டையை அப்படியே தள்ளிவிடுவார்கள். அக்கா யாருக்கும் முழு அட்டை கொடுத்து நான் பார்த்ததில்லை. மூன்று நாளைக்கு எழுதியிருந்தால் இரண்டு நாளைக்கு வெட்டுவாள். சரியாகவில்லை என்றால் வா, தருகிறேன் என்பாள். பெரும்பாலும் யாரும் திரும்பி வரமாட்டார்கள். குணமாகிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மலை ஏறி வருகிறவர்கள் மருந்துச் சீட்டை நேரே அக்காவிடம்தான் நீட்டுவார்கள். நீட்டிவிட்டு மருந்து கேட்கமாட்டார்கள். “இதுல எதை எடுத்துரலாங்க்கா?” என்று கேட்பார்கள். வேறெந்த ஊரிலும் மருந்துக் கடையில் இப்படி ஒரு கேள்வி கேட்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கம். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் முனையால் வரிவரியாகத் தட்டிக்கொண்டே வருவாள். வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றுகிற வரியின் தலைமாட்டில் நீலப் பேனாவால் சின்னதாக ஒரு சுழி போடுவாள். அடுத்த முறை அதே சீட்டு வந்தால் மறுபடியும் யோசிக்க வேண்டியதில்லை.

“ஒடம்பு என்ன சாக்கா, போட்டு அமுக்குறதுக்கு?” என்பது அவள் பேச்சு. கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையாக அமுக்கிக் கட்டுகிற ஊரில் அது எல்லாருக்கும் சட்டென்று புரியும். சத்து டானிக்குக்குச் சுழி போட்டு, பிள்ளைக்கு ரெண்டு முட்டை வாங்கிக் கொடு என்பாள். என் மகளுக்கு இருமல் வந்தபோது எழுதித் தந்த நாலு பாட்டிலில் மூன்றைச் சுழித்தாள். ஒரே பாட்டிலில் பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள். கடை முதலாளி பழனியில் இருப்பவர். மாதம் ஒருமுறை வந்து, நீ வியாபாரம் பார்க்கிறாயா கெடுக்கிறாயா என்று சத்தம் போடுவார். அக்கா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு நமக்கு நல்லது செய்கிற கடைக்காரியை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஒரு மழை நாளில், கடைக்கு யாரும் வராத மத்தியானத்தில், அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் குடும்பம் இந்தப் பக்கம் வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அவள் அப்பா அங்கே தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தம்பி காய்ச்சலில் லயத்து வீட்டில் கிடந்தபோது அப்பாவே ஊசி போட்டிருக்கிறார். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாக. விடிவதற்குள் பையன் போய்விட்டான். “அப்பா அதுக்கப்புறம் கப்பல் ஏறுற வரைக்கும் யாரோடயும் கதைக்கல” என்றாள். எங்கள் பேச்சே பேசுகிற அக்கா, வீட்டுக் கதை சொல்லும்போது மட்டும் சிலோன் பேச்சுக்குப் போவாள். அன்றைக்கு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஏன் மருந்தென்றால் இவ்வளவு பயம் என்று புரிந்தபோது அவள்மேல் பாசம் இன்னும் கூடிப்போனது.

கூடிப்போனதால் ஒன்றைப் பார்க்காமல் விட்டேன். கேரட் கழுவுகிற இடத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது என்றார். மருந்து கூடிப்போயிற்று என்று அக்கா இரண்டில் ஒன்றைச் சுழித்தாள். மாசி மாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பனி என்றார்கள், வயது என்றார்கள். அக்கா தினமும் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவர் மருமகள் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்த துணியோடு அந்தச் சீட்டும் மடிந்து வந்திருந்தது. சுழியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வந்தபடியே மடித்துத் துணியோடு வைத்துக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டு ஆள் இல்லை பாருங்கள்.

என் வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். சீசனில் கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவார். மற்ற நாட்களில் பேத்துப்பாறைத் தோட்டங்களிலிருந்து காய்கறி மூட்டை ஏற்றுவார். ஒருநாள் மூட்டைக்குக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுமைகாரர்கள் ஜீப் சாவியையே அவர் இடது கையில் திணித்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போதும் அதைப் பிடித்தபடிதான் கிடந்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் நாலைந்து இடத்தில் புழு தங்கியிருக்கிறது, நாடாப்புழுவின் குஞ்சு, சின்னச் சின்ன நீர்க்கட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் பன்றிக்கறி தொட்டதே இல்லை என்று நான் அவசரமாகச் சொன்னேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். கறிதான் என்று இல்லையம்மா, அழுக்குத் தண்ணீர் பட்ட காயைப் பச்சையாகத் தின்றாலும் அந்த முட்டை உள்ளே போகும் என்றார். மூட்டையிலிருந்து ஒரு கேரட்டை உருவி, பேன்ட்டில் துடைத்து, வண்டி ஓட்டிக்கொண்டே கடித்துத் தின்பது இவர் பழக்கம். மலையில் மூட்டை ஏற்றுகிற டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

குணமாக்கிவிடலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். மூன்று மாத்திரை எழுதினார். ஒன்று வலிப்புக்கு. ஒன்று பூச்சிக்கு, அதைப் பாலோ முட்டையோ சேர்த்துச் சாப்பிடவேண்டும். மூன்றாவது வீக்கத்துக்கு. புழு உயிரோடு இருக்கும்வரை மூளை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லையாம். மருந்து பட்டுச் சாகும்போதுதான் சுற்றிலும் வீங்குமாம். அதனால் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் முன்கூட்டியே வீக்க மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். வீக்க மாத்திரையை விட்டுவிட்டுப் பூச்சி மாத்திரையை மட்டும் கொடுக்கக்கூடாது என்று என்னிடம்தான் சொன்னார். இவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் மனசு முழுக்க ஒரே கேள்விதான் இருந்தது. கேட்டேன், இவர் மறுபடி எப்போது வண்டி எடுக்கலாம்? மாத்திரையை ஒழுங்காக முடித்து, ஸ்கேனில் பூச்சி போய்விட்டது என்று தெரிந்து, ரொம்ப நாளைக்கு வலிப்பு வராமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். அந்த ‘பார்க்கலாம்’ ஒன்றைத்தான் நான் முந்தானையில் முடிந்துகொண்டு, இவரைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மாத்திரையைக் கீழே வாங்கவில்லை. அக்கா இருக்கிறாளே.

மறுநாள் வெள்ளனே கடை திறந்ததும் போய் நின்றேன். மற்றவர்களைப் போல எதை எடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். சீட்டை மட்டும்தான் நீட்டினேன். அக்கா வரிவரியாகத் தட்டினாள். வலிப்பு மாத்திரை இருக்கட்டும் என்றாள். பூச்சி மாத்திரையைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிற அதே மாத்திரைதான், பச்சைப் பிள்ளையே தின்கிறது, பயப்படாதே என்றாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் கத்தரிக்கோல் நின்றது.

“இது பொல்லாத சரக்கு பிள்ள. மூஞ்சி ஊதிப்போகும், சக்கர ஏறும், எலும்பு கரையும். உன் மாமியாருக்குச் சக்கரதான?”

“டாக்டர் வீக்கத்துக்குன்னு சொன்னாருங்க்கா.”

“வீக்கம் எங்க இருக்கு? நேத்து பஸ்ஸ விட்டு இறங்கையில பாத்தேன், மூஞ்சி நல்லாத்தான இருக்கு. வீங்குச்சுன்னா வா, தாரேன்.”

சொல்லிக்கொண்டே சுழியைப் போட்டுவிட்டாள். நான் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். மண்டைக்குள் வீங்குவது வெளியே எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். டாக்டரை எனக்கு மூன்று நாளாகத் தெரியும், அக்காவை ஏழு வருடமாக. இரண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாலோடு, முட்டையோடு, வேளை தவறாமல் கொடுத்தேன். நாலாம் நாள் இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் குடித்த தண்ணீரும் தங்கவில்லை. அக்காவிடம் ஓடினேன். பூச்சி சாகிறதல்லவா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று தலைவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தாள். ஆறாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. என் கொழுந்தன் அதே ஜீப்பில் அவரைப் போட்டுக்கொண்டு மலை இறங்கினான். பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு நான் கும்பிட்டுக்கொண்டு போனேன். எதிரே டூரிஸ்ட் வண்டிகள் ஹாரனை அடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன.

உயிர் தப்பியது என்று தெரியவே நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் டாக்டர் என்னிடம் பழைய சீட்டைக் கேட்டார். வாங்கிப் பார்த்தவர், மூன்றாவது வரியில் யார் சுழித்தது என்றார். மெடிக்கலில் என்றேன். அவர் கடை பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். பக்கத்தில் கொழுந்தன் நின்றான். நான் நிம்மதியாகத்தான் நின்றேன். தப்பு நடந்துவிட்டது, அக்கா அழுவாள், டாக்டர் திட்டுவார், நான் அக்காவுக்காகப் பரிந்து பேசவேண்டியிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

அக்கா குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அந்தப் பிள்ளதாங்க சார் வேணாம்னுச்சு. மூஞ்சி ஊதும்னு யாரோ சொன்னாங்கன்னு பயந்துக்கிட்டு. நான் எடுத்துச் சொன்னேங்க சார், கேக்கல. அதான் அது வாங்கலன்னு அடையாளத்துக்குச் சுழிச்சு வச்சேன்.”

‘அக்கா’ என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள், “அழாத பிள்ள, சரியாப்போகும்” என்றாள்.

டாக்டர் போனை வைத்துவிட்டு, உங்களிடம்தானே அம்மா அவ்வளவு சொன்னேன் என்றார். கோபமாகக்கூட இல்லை. கொழுந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். சாயங்காலத்துக்குள் அட்டுவம்பட்டி முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது. புருஷனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வேண்டாம் என்று தள்ளியவள் நான்.

ஊருக்குத் திரும்பியதும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க என்றுதான் கேட்டேன். அக்கா மறுக்கவில்லை. தனியாக இருக்கும்போது அவள் பொய் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“பயந்துட்டேன் பிள்ள. கடைய மூடிட்டாங்கன்னா இந்த ஊருச் சனத்துக்கு யாரு பாத்துக் குடுப்பா? உன்னய என்ன செஞ்சிருவாங்க? புருசன்தான, ரெண்டு நாள் பேசமாட்டான்.”

அவளுக்கும் தம்பி ஞாபகம் வந்திருக்குமோ, அப்பா போட்ட ஊசி ஞாபகம் வந்திருக்குமோ என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. அப்பாவாவது ஊமையாகிப்போனார். இவள் என்னை ஊமையாக்கினாள். பிறகு உள்ளே போய் மூன்றாவது வரி மாத்திரையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். வெட்டாத, முழு அட்டை. கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. அவள் செய்ததை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கே மிஷினைத் தூக்கி வீட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அதையும் ஊர், குற்ற உணர்ச்சி என்றுதான் பேசிக்கொண்டது.

மருந்தெல்லாம் ஒழுங்காகக் கொடுத்து, டாக்டரே பக்கத்தில் வைத்துப் பார்த்து, புழு ஒருவழியாகச் செத்துப்போனது. ஆனால் வீக்கம் போகிற போக்கில் இவர் இடது கையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குச் சாவியை இறுக்கிப் பிடித்துக் கிடந்த அதே கை. கியர் பிடிக்கிற கை. இப்போது ஒரு டம்ளர் நிற்காது. வலிப்பும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. ஜீப்பைக் கொழுந்தன் ஓட்டுகிறான். வாசலைத் தாண்டி வண்டி போகும்போது எந்தக் கியரில் போகிறது என்று இவர் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.

நாக்குத் திருந்திப் பேச்சு வந்த புதிதில் ஒருநாள், நீதான் வேணாம்னு சொன்னியா என்று கேட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். கேட்டுவிட்டு, “அக்கா அப்படிச் செய்யமாட்டாங்களே” என்றார். அக்கா அதற்குள் வாரத்துக்கு இரண்டு முறை தயிர்சாதம் எடுத்துவந்து அவருக்கு ஊட்டிவிட்டுப் போகத் தொடங்கியிருந்தாள். அந்தப் பெரியவருக்கு ரொட்டியும் பாலும் கொண்டுபோன அதே தூக்குவாளிதான். நான் அடுப்படியிலேயே நின்றுகொள்வேன்.

போன வருடம் அவள் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டோடு போவது என்று முடிவானது. கடை வாசலில் சால்வை போர்த்தினார்களாம், சிலர் அழுதார்களாம். கிளம்புகிற அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். நீதானே சாணை பிடித்துக் கொடுப்பாய், நீயே வைத்துக்கொள் என்றாள். நான் கை நீட்டவில்லை. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

“போறதுக்கு முந்தி இவருகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கக்கா. அந்தச் சுழி யாரு போட்டதுன்னு.”

இனி அவளுக்குக் கடை இல்லை. மூடிவிடுவார்கள் என்ற பயம் இல்லை. பஸ் வந்தால் ஏறிப் போகப்போகிறாள், அவ்வளவுதான். சொல்வாள் என்று நிஜமாகவே நம்பினேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கத்தரிக்கோலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, அந்தச் செத்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“அவ மேல கோவிச்சுக்காதப்பா. சின்னப் பிள்ள, பயந்துருச்சு. தெரியாமச் செஞ்சதுதான.”

சரிங்க்கா என்றார் இவர். அவர் கண் கலங்கிவிட்டது. அக்கா என் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் படி இறங்கிப் போனாள். வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் மருந்தைக் குறைத்துக் கொடுத்தவள், நான் செய்யாத குற்றத்தையும் பாதியாக வெட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடியே இவர் என்மேல் கோபப்படுவதில்லை. ஒரு சுடுசொல் கிடையாது. காலையிலும் சாயங்காலமும் நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு போவேன். வலது உள்ளங்கையை விரிப்பார். அதில் வைப்பேன். மடியில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு ஒன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.